எல்லாப் படலையும் ஏ9 பக்கம்

பெரியம்மாவின் வலது காலுக்குள் இப்ப ஒரு கம்பி இருக்கிறது. சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தா. எப்பவும் போல றோட்டின் ஓரமாகத்தான் வந்தா. ஒரு கடை வாசலில் வான் ஒன்று மூக்கை உள்ளே விட்டு, பின்பக்கத்தை வெள்ளைக்கோடு வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிப் போக றோட்டுப் பக்கம் கொஞ்சம் விலகினா. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அடித்தது.

ஓடின பெடியன் குடிக்கவில்லை. பெரிய வேகமும் இல்லை. வான்காரர் மகளுக்குக் கொப்பி வாங்க நிறுத்தினவர். கடைக்காரர் தன்ர வாசலில் வாகனம் நிற்கிறதைக் குறை சொல்லமாட்டார்தானே. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பிழை ஆற்ற பக்கம்?" பெடியன்ர பிழை எண்டு சிலர். வான்காரன்ர பிழை எண்டு சிலர். வயதுபோன காலத்தில மெயின் றோட்டில சைக்கிள் என்னத்துக்கு எண்டு ஒரு மாமா.

அந்தக் கடையைக் கட்டி வாடகைக்கு விட்டது எங்கட அப்பா என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏ9 ஓரத்தில் எங்களுக்கு எட்டுப் பரப்புக் காணி. முகப்பு 90 அடி. ஊரின் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரைக்கும் நீங்கள் பஸ்ஸில் கடக்கிற எந்த ஊரையும் வைத்துக்கொள்ளலாம். நான் சின்னப்பிள்ளையாக இருக்கேக்க அந்த முகப்பில் ஒரு படலைதான் இருந்தது. பிறகு அப்பா வரிசையாக ஆறு கடை அறை கட்டினார். இப்ப வீட்டுக்குப் போற பாதையையும் சேர்த்தால் ஏழு வாசல். ஏழும் நேராக ஏ9இல் திறக்கின்றன.

இது களவாகக் கட்டியது இல்லை. சபை அனுமதி தந்தது. உறுதி கேட்டார்கள், நில அளவைப் படம் கேட்டார்கள், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள், வீதியின் நடுக்கோட்டிலிருந்து கட்டடம் எவ்வளவு தள்ளி என்று அளந்தார்கள். எல்லாம் சரி. வாகனம் எதால் உள்ளே வரும், எங்கே திரும்பும், எதால் வெளியே போகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பிளானில் வாகனத் தரிப்பிடம் என்று ஒரு பெட்டி கீறியிருந்தது. அந்தப் பெட்டியும் றோட்டின் கரையும் நிஜத்தில் ஒன்றுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். எங்கட றோட்டுகளில் நடக்கிற விபத்துகளில் ஒரு பங்கு, வாகனம் ஓடுகிறவரின் புத்தியில் தொடங்குவதில்லை. பிரதேச சபையின் மேசையில், ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒவ்வொரு படலையாக, கேள்வி கேட்காமல் குத்தப்படுகிற இறப்பர் முத்திரையில் தொடங்குகிறது.

ஒரு றோட்டுக்கு இரண்டு வேலை

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். அதனால் கொஞ்சம் வகுப்பு எடுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

றோட்டுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, தூர இடத்துக்குக் கொண்டுபோறது. மற்றது, வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விடுறது. ஒழுங்கை இரண்டாவது வேலைக்கு. நெடுஞ்சாலை முதலாவது வேலைக்கு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் 321 கிலோமீற்றர் ஓடுகிற ஏ9 எதுக்கு என்று கேட்டால் எல்லாரும் சரியாகத்தான் பதில் சொல்வார்கள். ஆனால் நாங்கள் அதை ஒழுங்கை மாதிரித்தான் பாவிக்கிறம். கொழும்பு பஸ்ஸும், டிப்பரும், பள்ளிக்கூடப் பிள்ளையும், கடை வாசலில் பின்னுக்கு எடுக்கிற ஓட்டோவும், பாணுக்குப் போற ஐயாவும் ஒரே கீலத்தில்.

ஒரு வாசல் நேராக றோட்டில் திறந்தால் அது ஒரு சின்ன முச்சந்தி. முச்சந்தி ஒன்றில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று சேர்கிற, பிரிகிற, வெட்டுகிற இடங்கள் 9 என்று போக்குவரத்துப் பொறியியலில் கணக்குச் சொல்வார்கள். நாற்சந்தியில் 32. நடக்கிறவர்களும் சைக்கிள்காரரும் இந்தக் கணக்கில் இல்லை. எங்கட அப்பாவின் 90 அடிக்குள் ஏழு வாசல். ஏழு ஒன்பது 63. அதே ஆறு கடைக்கும் வீட்டுக்கும் ஒரு பொது வாசலை விட்டு, உள்ளே வாகனம் திரும்ப இடம் விட்டிருந்தால் 9. கடை ஒன்றும் குறைந்திருக்காது. வாடகையும் குறைந்திருக்காது. பெரியம்மா விலகவேண்டி வந்திருக்காது.

இன்னொரு கணக்கு. ஊர்மனைக்கு வெளியே காருக்கு அனுமதித்த உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் போகும். ஒரு வாசலில் இருந்து வான் பின்னுக்கு வருவதைக் கண்டு, கால் பிறேக்கில் படுவதற்குள்ளேயே அந்தக் கார் எங்கட ஆறு கடையையும் தாண்டிவிடும். இதில் "கவனமாய் ஓடுங்கோ" என்று பதாகை கட்டி என்ன பிரயோசனம்? இலங்கையில் வருசத்துக்கு 2,000 பேருக்கு மேல் றோட்டில் சாகிறார்கள். நாளுக்கு ஐந்தாறு பேர். எல்லாரும் கவனமில்லாதவர்களா?

கார்ப்பட் போட்டால் வந்திடுமா அபிவிருத்தி

எங்கட பெற்றோரின் தலைமுறைக்கு ஏ9 என்றால் வெறும் றோட் இல்லை என்று எனக்குத் தெரியும். பாதை திறந்திருக்கா, பூட்டியிருக்கா என்று கேட்டே வாழ்ந்த சனம். 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் பூட்டியது. பூட்டின பிறகு மருந்துக்கும் மாவுக்கும் கப்பலைப் பார்த்திருந்த கதையை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அப்படி ஏங்கிக் கிடந்த ஒரு பாதை திறந்து, கார்ப்பட்டும் போட்ட பிறகு, "இதன் ஓரத்தில் நினைத்தபடி கட்டக்கூடாது" என்று ஒருத்தி வந்து சொன்னால் கோபம் வரும்தான்.

ஆனால் பாருங்கோ. போருக்குப் பிறகு றோட்டைத் திருத்தினார்கள். றோட் நல்லாக வந்தவுடன் ஓரக் காணிக்கு விலை ஏறியது. வெளிநாட்டுக் காசும் வங்கிக் கடனும் அந்த ஓரத்தில்தான் வந்து விழுந்தன. கடைத்தொகுதி, திருமண மண்டபம், பெற்றோல் செட், வாகன விற்பனை நிலையம், கல்வி நிலையம் எல்லாம் ஒரே வரிசையில். அந்த வரிசைக்கு நூறு மீற்றர் பின்னால் போனால் பற்றைக்காணி. அங்கே போகிற ஒழுங்கைக்குத் தார் இல்லை, லைற் இல்லை. சாதாரண தரத்தில் நேர்கோட்டுக் குடியிருப்பு என்று படம் கீறிப் பாடமாக்கினோமே, அதுக்குள்ளேதான் நாங்கள் இருக்கிறம்.

வரிசை நீள நீள, றோட் போட்ட காரணமே செத்துப்போகும். வேகமாகப் போகப் போட்ட றோட்டில் வாகனம் ஊரும். பிறகு "றோட் காணாது, அகட்ட வேணும்" என்பார்கள். அகட்டினால் யாருடைய முகப்பு உடையும்? இந்தக் கடைகளினதுதான். உடைத்து அகட்டின றோட்டின் ஓரத்தில் திரும்பவும் வாசல் வைப்போம். இப்படி எத்தனை தரம்?

இது எங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. பிரித்தானியாவில் நெடுஞ்சாலை ஓரமாக நாடா மாதிரி வீடும் கடையும் நீண்டுகொண்டு போக, அதைக் கட்டுப்படுத்த 1935இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இலங்கையில் பட்டின, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது 1946இல். அதாவது சுதந்திரத்துக்கு முதலே காகிதத்தில் திட்டமிடல் இருக்கிறது. நில அளவைப் படத்தில்தான் இல்லை.

படலைக்கு ஆர் பொறுப்பு?

சபையில் போய்க் கேட்டால் வழமையான பதில் ஒன்று வரும்: "தங்கச்சி, ஏ9 எங்கட இல்லை, ஆர்டிஏட." உண்மைதான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். அதுக்கு 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் இருக்கிறது. சி, டி தர வீதிகள் மாகாணத்திடம். மிச்ச உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளிடம்.

ஆனால் ஏ9 ஓரத்துக் காணியைப் பிரிக்கிற பிளானுக்கு ஒப்புதல் கொடுக்கிறது ஆர்? கட்டட அனுமதி கொடுக்கிறது ஆர்? கட்டி முடிந்த பிறகு இணக்கச் சான்றிதழ் கொடுக்கிறது ஆர்? வியாபார உரிமத்துக்குக் காசு வாங்குகிறது ஆர்? ஊரில் இதெல்லாம் சபையின் வேலை. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய இடங்களிலும் சாதாரண விண்ணப்பம் சபையின் மேசைக்குத்தான் வருகிறது.

ஆகவே நிலைமை இப்படி. வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே கொழும்பு. வேலிக்கு உள்ளே சபை. நடுவில் இருக்கிற படலை ஒருவருக்கும் சொந்தமில்லாத பிள்ளை. ஆர்டிஏ றோட்டின் அகலத்தைப் பார்க்கும், சபை கட்டடத்தின் உயரத்தைப் பார்க்கும். வாகனமும் மனிசரும் ஒருவரோடு ஒருவர் முட்டுகிற அந்த ஆறடியை ஒருவரும் பார்ப்பதில்லை.

இதில் எனக்கு வருகிற கோபம் கொஞ்சம் அரசியல் கோபம். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து இண்டைக்கு வரைக்கும் காணி அதிகாரம் தா, பொலிஸ் அதிகாரம் தா என்று கேட்கிறம். கேட்க வேண்டியதுதான், நானும் கேட்கிறேன். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதுக்குப் பிறகு தேர்தலே இல்லை, அது அநியாயம்தான். உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரைக்கும் உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. சரி. இப்ப சபை இருக்கிறது, தவிசாளர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள். காணி எப்படிப் பிரியவேண்டும், கட்டடம் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்கிற அதிகாரம் கொஞ்சமாவது கையில் இருக்கிறது. கையில் இருக்கிற அந்தக் கொஞ்சத்தால் என்ன செய்தீர்கள்? வரவேற்பு வளைவு கட்டினீர்கள். மின்விளக்குத் திறந்து படம் போட்டீர்கள். ஒரு வீதி ஓரத்துக்கு ஒரு திட்டம் போட்டீர்களா?

"சனத்தின்ர வயித்தில அடிக்காதேங்கோ"

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு முதலில் வரப்போகிற மறுப்பு இதுதான். றோட்டோரக் கடையில்தான் ஊர்ச் சனம் சீவிக்குது, அதிலே கை வைக்காதே என்று. சரியான கேள்வி.

ஆனால் இப்ப யாருடைய வயிற்றில் அடிக்கிறார்கள்? வீதி ஒழுங்கு என்று பேர் வந்தாலே முதலில் தூக்குவது நுங்கும் வெள்ளரிப்பழமும் விற்கிற அம்மாவின் பெட்டியைத்தான். அவ பின்னேரம் எழும்பிப் போய்விடுவா. அவவின் பின்னால் வெள்ளவாய்க்காலின் மேல் கொங்கிறீற் படி கட்டி, றோட்டுக்கரையை வாகனத் தரிப்பிடமாக்கின மூன்று மாடியை ஒருவரும் தொடுவதில்லை. அது அனுமதியோடு நிற்கிறது. நான் கேட்கிறது கடையை மூடச் சொல்லி இல்லை. வாசல் எந்தப் பக்கம் திறக்கவேண்டும், எத்தனை கடைக்கு ஒரு வாசல் என்று கட்ட முதலே சொல்லுங்கோ என்றுதான். கட்டின பிறகு உடைக்கிறது சனத்துக்கு நட்டம். கட்ட முதல் கோடு கீறுறதுக்குச் செலவு ஒரு பென்சில்.

இரண்டாவது மறுப்பு: "என்ர காணி, என்ர படலை." உங்கட காணிதான். ஆனால் பின் ஒழுங்கையில் இருக்கிற பரப்பைவிட ஏ9 முகப்புப் பரப்புக்கு எத்தனை மடங்கு கூட விலை? அந்த விலையை உங்கட கிணறோ தென்னையோ கொண்டுவரவில்லை. பொதுக்காசில் போட்ட றோட் கொண்டுவந்தது. றோட்டால் வந்த இலாபம் உங்களுக்கு, றோட்டில் வருகிற ஆபத்து சைக்கிளில் போறவவுக்கு என்றால் அது என்ன நியாயம்?

மூன்றாவது மறுப்பு எனக்கும் கஷ்டமானது. திட்டம், எல்லை, வர்த்தமானி என்ற சொற்களைக் கேட்டால் எங்கட சனத்துக்குப் பயம். அந்தச் சொற்களோடுதான் காணி போனது. உயர் பாதுகாப்பு வலயம் என்று போனது, சுவீகரிப்பு என்று போனது. அதனால் யாராவது அளவை நாடாவோடு வந்தாலே வேலியை இறுக்குகிறம். அந்தப் பயத்தை நான் சிரிக்கமாட்டேன். ஆனால் அதுக்கு மருந்து ஒழுங்கே வேண்டாம் என்பது இல்லை. ஊரில் இருந்து, ஊருக்கு முன்னால், தமிழில் வாசித்து விளங்கக்கூடிய ஒழுங்கைச் சபையே போடுவதுதான் மருந்து. நாங்கள் போடாவிட்டால் ஒரு நாள் றோட் அகட்ட ஆக்கள் வருவார்கள். மதிலில் சிவப்புப் பெயின்றால் புள்ளடி போட்டுவிட்டுப் போவார்கள். அப்ப எங்களிட்ட ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வெள்ளமும் இந்தக் கதைதான்

2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வந்தபோது எல்லாரும் மழையைத் திட்டினோம். நெடுஞ்சாலை உயர்த்திக் கட்டின அணை மாதிரி. அதன் ஒரு பக்கத்துத் தண்ணீர் மற்றப் பக்கம் போக மதகு இருக்கும். மதகின் வாய்க்கு முன்னால் இருக்கிற பள்ளக்காணிதான் ஏ9 ஓரம் என்று அதிக விலைக்குப் போகும். வாங்கினவர் மண் போட்டு நிரப்புவார். வயல் என்றால் நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். டிப்பர் மண் ஒரு இரவில் விழுந்துவிடும். பிறகு வாசலுக்காக வெள்ளவாய்க்காலின் மேல் ஆளுக்கொரு பாலம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு அகலம். ஏழு வாசலுக்கு ஏழு பாலம், ஏழிலும் பிளாஸ்ரிக் போத்தல் அடையும். ஒரு வாசல் என்றால் துப்புரவாக்க ஒரு பாலம்.

அப்ப என்ன செய்யச் சொல்கிறாய்?

பெரிய காசு தேவையில்லாத விசயங்களைத்தான் சொல்கிறேன்.

ஒன்று. ஒவ்வொரு சபையும் தன்ர எல்லைக்குள் ஓடுகிற ஏ, பி தர வீதிகளின் ஓரமாக எத்தனை வாசல், எந்த இடத்தில் என்று எண்ணி ஒரு படம் கீறட்டும். எங்கட கலைப்பீடத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் வருவோம்; ரீயும் றோல்ஸும் காணும்.

இரண்டு. நெடுஞ்சாலை முகப்புள்ள காணியைப் பிரிக்கிற பிளான் வந்தால், பிரிகிற துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பாதை, அதுக்கு ஒரு வாசல் என்று நிபந்தனை போடட்டும். பக்கத்துக் காணி நாளைக்குப் பிரிந்தால் அந்தப் பாதையோடு தொடுக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும். இருபது வருசத்தில் அது ஒரு பின்வீதியாக வந்துவிடும். ஒரு பேர்ச்சும் சுவீகரிக்கத் தேவையில்லை.

மூன்று. மூலைக்காணிக்கு வாசல் ஒழுங்கைப் பக்கம். சந்திக்கு ஒட்டினபடி புது வாசல் இல்லை.

நான்கு. திருமண மண்டபம், பெற்றோல் செட், சூப்பர் மார்க்கெட், கல்வி நிலையம் மாதிரி சனமும் வாகனமும் குவியிற கட்டடத்துக்கு, வாகனம் உள்ளே நின்று உள்ளேயே திரும்பி முகம் முன்னுக்கு வெளியே வருமா என்று கேட்காமல் அனுமதி இல்லை. ஆர்டிஏயும் சபையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

ஐந்து. உள் ஒழுங்கைகளுக்கு முதலில் தாரும் லைற்றும். அங்கே கடை போட்டாலும் ஓடும் என்று சனம் நம்பினால்தான் ஏ9ஐ விட்டுவிடும்.

நாங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கட கையில் இருக்கிறது. உங்கட சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ: கடந்த ஐந்து வருசத்தில் பிரதான வீதி ஓரமாக எத்தனை கட்டட அனுமதி கொடுத்தீர்கள், அவற்றில் எத்தனைக்கு வாசல் பற்றி நிபந்தனை போட்டீர்கள்? தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். முகநூலில் விபத்துப் படத்தைப் பகிர்ந்து கண்ணீர்க் குறி போடுவதைவிட இது பிரயோசனம்.

கடைசியாக எங்கட வீட்டுக் கதை. அக்காவின் கலியாணத்துக்கு அப்பா பின்காணி நான்கு பரப்பையும் மூன்றாகப் பிரிக்கப் போகிறார். அதுக்கு வேற பாதை கீற வேண்டாம், பின் ஒழுங்கையோடு தொடுப்பம் என்று சொன்னேன். "நீ படிச்சது காணும் பிள்ளை, றோட்டுக் காணி எண்டா றோட்டுப் பக்கம்தான் பாக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். ஒழுங்கைக்குப் போக நடுவில் பக்கத்து வீட்டுக்காரரின் ஆறடி வேண்டும். அவரோடு எங்களுக்கு வேலிச் சண்டை. பன்னிரண்டு வருசமாகக் கதையில்லை. அவரிட்டப் போய்க் கேட்கிறதைவிட ஏ9இல் எட்டாவது வாசல் வைக்கிறது அப்பாவுக்கு லேசு.

பொது ஒழுங்கு எதுக்கு என்று எனக்கு அப்பத்தான் விளங்கியது. அப்பா கெட்டவர் இல்லை. பெரியம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுபோறதே அவர்தான். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் வைக்கேக்க தான் மட்டும் ஏன் தன்ர வாசலை விடவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே யோசனைதான். நான் சொன்னால் இரண்டு பேரும் கேட்கமாட்டார்கள். "இரண்டு காணிக்கும் ஒரே பாதை, இல்லாட்டி பிளான் இல்லை" என்று சபை சொன்னால் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டாவது ஒரே மேசையில் வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

பிளான் வாற மாதம் சபைக்குப் போகிறது. அதில் எட்டாவது படலை கீறியிருக்கிறது. ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புங்கோ. அனுமதி கேட்கிறவரின் மகள்தான் கேட்கிறேன்.